சிமாப்ஸ்: வாக்கியத்தில் அமைத்துச் சொல்க

சிங்கப்பூர்த் தேக்காவில் வடைக்காக வரிசையில் நின்றிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து முழுக்க ஆட்கள். கடைக்கு மேல்மாடியில் துணைப்பாட வகுப்பு ஒன்று நடந்துகொண்டிருந்தது. சன்னல் திறந்திருந்ததால் ஆசிரியையின் குரல் எண்ணெய்ச் சட்டியின் சத்தத்தையும் தாண்டி இறங்கி வந்தது.

“விழிப்புணர்வு. வாக்கியத்தில அமைச்சுச் சொல்லு.”

ஒரு சிறுமி யோசிக்கவே இல்லை. “ஆசிரியர் எங்களுக்கு விழிப்புணர்வு என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தார்.”

மேலே ஒரே சிரிப்பு.

“சரி, மனிதநேயம்?”

“அம்மா என்னிடம் மனிதநேயம் என்றால் என்ன என்று கேட்டார்.”

கீழே நானும் சிரித்துவிட்டேன். தொடக்கப்பள்ளியில் இந்த ஒரு தந்திரத்தை வைத்தே நான் பல தேர்வுகளைத் தாண்டியிருக்கிறேன். எந்தச் சொல்லை வேண்டுமானாலும் அந்த வாக்கியத்துக்குள் நுழைக்கலாம். பொருள் தெரிய வேண்டியதில்லை. தவறு என்று யாரும் அடிக்கவும் முடியாது.

வடைப் பொட்டலம் கைக்கு வந்தபோது சிரிப்பு போய்விட்டிருந்தது. எங்கள் வேலையிடத்தில் ஒவ்வொரு காலையும் நடப்பது இதுதானே என்று தோன்றியது.

நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். பாலிடெக்னிக் முடித்த கையோடு கிடைத்த வேலை. தீவின் வடக்கே எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில்தான் என் நாள் முழுக்கப் போகும். காலையில் லாரிகள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியதும் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். கைகால்களை நீட்டி மடக்கி உடற்பயிற்சி. அதன்பிறகு டூல்பாக்ஸ் மீட்டிங். அன்றைய வேலையில் என்னென்ன ஆபத்து என்று பேச வேண்டிய கூட்டம் அது. எங்கள் இடத்தில் அது வேறு மாதிரி நடந்தது. மேற்பார்வையாளர் ஒலிபெருக்கியில் “பிபிஇ!” என்று கத்துவார். வரிசை முழுவதும் “போட்டாச்சு!” என்று கத்தும். “பிடிடபிள்யூ!” “எடுத்தாச்சு!” தலைக்கவசமும் காலணியும் பிபிஇ, ஆபத்தான வேலையைத் தொடங்குமுன் வாங்கும் அனுமதிச் சீட்டு பிடிடபிள்யூ. எல்லாவற்றுக்கும் ஒரு சுருக்கம், எல்லாச் சுருக்கத்துக்கும் ஒரு கத்தல். கத்தி முடிந்ததும் நான் படம் எடுப்பேன். அந்தப் படம் கோப்புக்குப் போகும். எழுத்துகளைக் கத்தத் தெரிந்தவர்களுக்கு அவை எதைக் குறிக்கின்றன என்று தெரியுமா என யாரும் கேட்டதில்லை. கேட்டால் கூட்டம் நீளும்.

மறுநாள் காலையே என் மேலதிகாரியைப் பிடித்தேன். அவர் பாதுகாப்பு அதிகாரி. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

“சார், தினமும் ஒரு சுருக்கம். யாராவது ஒருத்தர் முன்னால வந்து அதை வாக்கியத்தில அமைச்சுச் சொல்லணும். தமிழ்லயே சொல்லலாம். மாசக் கடைசியில ஃபைனல்ஸ்.”

“ஸ்கூலாம்மா இது?”

“ஸ்கூல் மாதிரி இருந்தாத்தான் சார் கவனிப்பாங்க.”

அவர் பாலில்லாத தே ஓவை உறிஞ்சிக்கொண்டு யோசித்தார். “நல்லாத்தான் இருக்கு லா. ஷார்ட்டா வெச்சுக்க. லேட்டாச்சுன்னா கான்கிரீட் லாரிக்காரன் என்னைத்தான் திட்டுவான்.”

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. விதிகளை அன்றே எழுதிவிட்டேன். ஒன்று, வாக்கியம் சொல்பவரின் சொந்த வேலையைப் பற்றி இருக்க வேண்டும். செய்தது, இல்லை கண்ணால் பார்த்தது. இரண்டு, ‘டீச்சர் கேட்டார்’ வகை வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடையாது. அந்தச் சிறுமி என் கூட்டத்தில் இருந்தால் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டாள். அந்த இரண்டு விதிகளில் எனக்கு அவ்வளவு பெருமை.

முதல் வாரத்திலேயே ஒருவர் தனியாகத் தெரிந்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். தொட்டிகளுக்கும் தரைக்கும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடிக்கும் குழுவில் இருந்தார். முப்பதைத் தாண்டியவர். வாய் ஓயவே ஓயாது. அதுவரை என்னைச் ‘சேஃப்டி மேடம்’ என்றுதான் எல்லாரும் அழைத்தார்கள். அவர்தான் முதலில் ‘டீச்சர்’ ஆக்கினார். மறுநாளே மொத்த வரிசையும் டீச்சர் என்றது.

“பிபிஇ. வாக்கியத்தில அமைச்சுச் சொல்லுங்க.”

அவர் தொண்டையைச் செருமினார். “கேட்டரிங் சாம்பார் பாக்கெட்டைப் பிரிக்கிறப்ப நான் கண்ணுக்குப் பிபிஇ போட்டுக்குவேன்.”

“அது வேலையாங்க?”

“இங்க இருக்கிறதுலேயே ரிஸ்க்கான வேலை அதுதான் டீச்சர்.”

இன்னொரு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. “எம்சி கேட்டா எனக்குக் காய்ச்சல் இருக்கான்னு டாக்டர் பாப்பாரு. எனக்கு மூளை இருக்கான்னு சூப்பர்வைசர் பாப்பாரு.” வரிசை குலுங்கியது. மேற்பார்வையாளரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

சிரிப்புக்கு நடுவே வேறொன்றும் நடந்தது. உயரத்தில் செய்யும் வேலைக்கான சுருக்கம் வந்த நாளில் சாரம் கட்டுபவர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: கிழக்குப் பக்கச் சாரத்தில் பாதுகாப்புக் கொக்கியை மாட்ட இடமே இல்லை, ஏறும்போது கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறோம். அது அழகான வாக்கியம் இல்லை. ஆனால் அன்று மதியமே அந்த இடத்தில் கம்பி கட்டவைத்தேன். படிவங்களும் படங்களும் காட்டாத ஒன்றை ஒரு வாக்கியம் காட்டிவிட்டது. அன்று பேருந்தில் மார்சிலிங் வீடு வரும்வரை எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்: இது வேலை செய்கிறது, இது வேலை செய்கிறது.

இறுதிச் சுற்றைப் பார்க்க ஆள் வருகிறார்கள் என்று மேலதிகாரி சொன்னபோது நான் துள்ளிக் குதிக்காதது ஒன்றுதான் குறை. கட்டட உரிமையாளர் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அதிகாரியும் எங்கள் திட்ட மேலாளரும் வருவார்கள். புதுமையான முயற்சி என்று யாரோ மேலே சொல்லியிருந்தார்கள்.

அதற்காகவே அரிதான ஒரு சுருக்கத்தைத் தேடி எடுத்தேன். சிமாப்ஸ். ‘சைமல்டேனியஸ் ஆபரேஷன்ஸ்’ என்பதன் குறுக்கம். எண்ணெய்க் கிணற்று மேடைகளில் புழங்கும் சொல். எங்கள் இடத்தில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு வேலைகள் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நடப்பதுதான் சிமாப்ஸ். அப்படி நடக்க நேர்ந்தால் இரு தரப்பும் முன்கூட்டியே பேசி, எது முதலில், எது பிறகு என்று முடிவு செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் செத்துப்போவார்கள். இறுதிச் சுற்றுக்கு முன்தினம் காலையில் இதைப் படம் வரைந்து விளக்கினேன். கீழே பெயின்ட், மேலே நெருப்பு. பெயின்டிலிருந்து எழும் ஆவி நெருப்புக்குக் காத்திருக்கும் என்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அன்று மாலை லாரிக்குக் காத்திருந்தபோது புதுக்கோட்டைக்காரர் என்னிடம் வந்தார். அடித்த பூச்சு முழங்கையில் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது.

“டீச்சர், நாளைக்கு மேனேஜர் கண்டிப்பா வர்றாரா?”

“வர்றாரு. ஏன்?”

“இங்க வேலை பாக்குற ஒர்க் பர்மிட் முடியப்போவுது. புதுப்பிக்கிறதும் அனுப்பிவைக்கிறதும் அவரு கையிலதான் இருக்கு. இங்க இத்தனை பேரு ஒரே ஹெல்மெட், ஒரே சட்டை. எவன் எவன்னு அவருக்கு என்ன தெரியும்? நாளைக்கு ஜெயிச்சேன்னா மூஞ்சி ஞாபகம் இருக்கும்ல.”

“ஜெயிச்சா பவர்பேங்க் பரிசு. தெரியும்ல?”

“பவர்பேங்க்கை நீங்களே வெச்சுக்கங்க. எனக்குப் பர்மிட்டுக்குச் சார்ஜ் ஏத்திக் குடுங்க.”

சிரித்தோம். ஊரில் வீட்டுச் சுவர் பாதியில் நிற்பதையும், மகளைப் பள்ளி மாற்றியிருப்பதையும் போகிற போக்கில் சொன்னார். முகம் தெரிந்துவிட்டால் போதும் என்று அவர் நம்பினார். அப்போது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பள்ளியில் அப்படித்தானே? சரியாகச் சொன்னவரின் பெயர்தான் ஆசிரியருக்கு நினைவிருக்கும்.

இறுதிச் சுற்றில் கலந்துகொண்டவர்கள் சிலர்தான். உரிமையாளர் தரப்புப் பெண் அதிகாரி மண் படாத காலணியோடு வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. திட்ட மேலாளருக்கும் தெரியாது. மொழிபெயர்க்க நான். முதலில் வந்த மின்பணியாளர் ஒருவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “சிமாப்ஸ் பாதுகாப்புக்கு மிகவும் முக்கியம்” என்றார். டீச்சர் கேட்டார் வகை. மனத்துக்குள்ளேயே பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்தவரை அழைத்தேன்.

புதுக்கோட்டைக்காரர் முன்னால் வந்தார். அன்று வழக்கமான கிண்டல் முகத்தில் இல்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“நேத்து மத்தியானம் பேஸ்மென்ட் தண்ணித் தொட்டிக்குள்ள நாங்க பிரைமர் அடிச்சுக்கிட்டு இருக்கிறப்ப, மேல தொட்டி வாய்ப்பக்கம் வெல்டிங் நடந்துச்சு, பொறி உள்ள விழுந்துச்சு, யாருமே முன்னாடி பேசி வைக்கல, இதுதான் சிமாப்ஸ்.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. சொந்த வேலை, கண்ணால் பார்த்தது, சுருக்கத்தின் பொருள் அப்படியே உள்ளே. ஒரு சொல்லைக்கூட விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். குரலில் பெருமையும் இருந்திருக்கும்.

பெண் அதிகாரி புருவத்தை உயர்த்தினார். “யெஸ்டர்டே?”

திட்ட மேலாளர் சிரித்தார். “எக்ஸாம்பிள் ஒன்லி, லா. ஹீ இஸ் கிவிங் எக்ஸாம்பிள்.” சிரித்துக்கொண்டே என் மேலதிகாரியைப் பார்த்தார். மேலதிகாரி புதுக்கோட்டைக்காரரிடம் தமிழில் கேட்டார். குரல் மென்மையாகத்தான் இருந்தது.

“தம்பி, உதாரணத்துக்குத்தானே சொன்னே?”

ஒரு கதவைத் திறந்துவிட்டது மாதிரி அந்தக் கேள்வி. அவர் அதன் வழியாகப் போயிருக்கலாம். போகவில்லை. என்னைப் பார்த்தார்.

“இல்ல சார். உதாரணம் சொல்லக் கூடாதுன்னு டீச்சர் ரூல் போட்டிருக்காங்க. நடந்ததைத்தான் சொல்லணும்.”

மேலாளர் கைதட்ட ஆரம்பித்தார். அவர் தட்டியதால் மேற்பார்வையாளர் தட்டினார். வரிசையும் தட்டியது. கைதட்டல் நடந்துகொண்டிருக்கும்போதே பெண் அதிகாரியை மாதிரி வீட்டைக் காட்ட அழைத்துப் போய்விட்டார்கள். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் கேட்கவில்லை. பவர்பேங்க் மின்பணியாளருக்குப் போனது. என் மேலதிகாரியே எடுத்துக் கொடுத்தார். நான் படம் எடுத்தேன். படம் எடுப்பதுதானே என் வேலை.

மதியம் கன்டெய்னர் அலுவலகத்துக்கு என்னை அழைத்தார்கள். யாரும் கோபப்படவில்லை. திட்ட மேலாளர் நிதானமாக விளக்கினார். சிமாப்ஸ் என்றால் திட்டமிட்டு, அனுமதி வாங்கி, இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்வது. அந்த ஆள் சொன்னதில் திட்டமும் இல்லை, அனுமதியும் இல்லை. ஆகவே அது சிமாப்ஸே இல்லை. ஆகவே அவர் வாக்கியம் தவறு. மாதச் செய்தி மடலுக்கு நான் எழுதும் குறிப்பில் சரியான வாக்கியம் மட்டும் இருந்தால் போதும்.

இதைக் கேட்டுக்கொண்டு நான் நின்றேன். திட்டமிட்டால்தான் ஆபத்து, திட்டமிடாவிட்டால் ஆபத்துக்குப் பெயரே கிடையாது. இப்படி ஒரு பொருள் விளக்கத்தை எந்தப் பள்ளியிலும் சொல்லித் தரவில்லை.

“அப்ப நேத்து தொட்டியில நடந்ததுக்குப் பேரு என்ன சார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“மிஸ்கம்யூனிகேஷன்,” என்றார் அவர்.

வெளியே வந்ததும் மேலதிகாரி என்னைத் தண்ணீர்த் தொட்டி பக்கம் போக வேண்டாம் என்றார். சொன்னதாலேயே போனேன். அடித்தளத்தில் இறங்கும்போதே பிரைமரின் நெடி தொண்டையைப் பிடித்தது. தொட்டிக்குள் விளக்கு எரிந்தது. பூச்சுக்காரர்களின் பேச்சுக் குரல் கேட்டது. தொட்டி வாய்க்கு மேலே குழாய்த் தாங்கி ஒன்றை ஒருவர் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நீலப் பொறிகள் விளிம்பில் பட்டுத் தெறித்தன. அவருக்குக் கீழே ஆள் இருப்பது தெரியாது. கீழே இருப்பவர்களுக்கு மேலே ஆள் இருப்பது தெரியும். ஆனால் பூச்சு காய்வதற்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

“நிறுத்துங்க!” என்று கத்தினேன். விசில் ஊதினேன். நிறுத்தினார்கள். உள்ளே இருந்தவர்கள் ஏறி வந்தார்கள். மேற்பார்வையாளர் ஓடி வந்து, “டீச்சர், ஒரு பத்து நிமிஷ வேலைதான்” என்றார். அன்று அதற்குமேல் அது நடக்கவில்லை. என் எதிரே நடக்கவில்லை என்று சொல்வதுதான் சரி. அறிக்கை எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் புதுக்கோட்டைக்காரர் பூச்சுக் குழுவில் இல்லை. கிடங்கில் கம்பி எண்ணவிட்டிருந்தார்கள். அதற்கடுத்து, பர்மிட்டைப் புதுப்பிக்கப் போவதில்லை, ஊருக்குப் போகத் தயாராக இரு என்றார்கள். காரணம் கேட்டேன். ஆள் குறைப்பு என்றார்கள். குறைந்தது அவர் ஒருவர்தான்.

மேலதிகாரியிடம் போய் நின்றேன்.

“சார், அவர் சொன்னது சரிதானே? உங்களுக்குத் தெரியும்ல?”

“சரிதாம்மா.”

“பின்னே?”

“சரியாச் சொன்னா போதும்னு உனக்கு யாரு சொன்னா?” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் இந்தத் தொழில்ல ஆளுங்களைப் பாதுகாத்ததைவிட என் வேலையைப் பாதுகாத்துக்கிட்டதுதான் அதிகம். நீ புதுசு. ரூல் போட்டே. நடந்ததைத்தான் சொல்லணும்னு. அந்த ரூலை இங்க யாரும்மா தாங்குவா?”

“அறிக்கையை மேல அனுப்பினீங்களா?”

“அனுப்புறேன் லா. நேரம் பாத்து.”

எதையும் இலேசாக்கிவிடும் அந்த ‘லா’வை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டைக்காரரைத் தேக்காவில் பார்த்தேன். நானே தேடிப் போனேன். சாலையோரப் புல்திடலில் ஒரு செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். அருகில் அவர் அறைக் கூட்டாளி படுத்திருந்தார். ஊருக்கு எடுத்துப் போக வாங்கிய சோப்புக் கட்டிகளும் தைலமும் ஒரு பையில் இருந்தன. மகளுக்கு வாங்கிய பென்சில் பெட்டி தனியாக மடியில் இருந்தது.

“வாங்க டீச்சர். எனக்கு எத்தனை மார்க்கு போட்டீங்க? சொல்லவே இல்லையே.”

“ஃபுல் மார்க்.”

“பாருடா,” என்று படுத்திருந்தவரைத் தட்டினார். “ஃபுல் மார்க் எடுத்தவனை ஊருக்கு அனுப்புறாங்க. ஃபெயிலானவன் பவர்பேங்க்ல பாட்டுக் கேக்குறான்.”

“மாப்ள, உன்னை யாரு படிக்கச் சொன்னா?” என்றார் படுத்திருந்தவர், கண்ணைத் திறக்காமல்.

என்னால் சிரிக்க முடியவில்லை. மனிதவள அமைச்சில் புகார் செய்யலாம், நானே கூட வருகிறேன் என்றேன். அவர் கை விரித்தார். “தொட்டி அன்னிக்கே காஞ்சிருச்சு டீச்சர். பொறி விழுந்த இடத்தையும் சேர்த்துப் பூசியாச்சு. நான்தானே பூசுனேன். எதைக் காட்டுறது? நான் சொன்னா ஊருக்குப் போறவன் ஆத்திரத்துல சொல்றான்னுவாங்க.”

“நான் பாத்தேனே. மறுநாள் நானே பாத்தேன்.”

“நீங்க பாத்தீங்க, சரி. நீங்க வாக்கியம் சொன்னீங்களா?”

அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. பாட நேரத்தில் சந்தேகம் கேட்பது மாதிரி சாதாரணமாகக் கேட்டார். கேட்டுவிட்டுப் பென்சில் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார்.

“தெரிஞ்சிருந்தா நானும் அந்த எலக்ட்ரிசியன் மாதிரி ‘ரொம்ப முக்கியம்’னு சொல்லிட்டு வந்திருப்பேன்,” என்றார். “சத்தியமா. எனக்கு ஒண்ணும் வீரமெல்லாம் இல்ல. ஜெயிக்கணும்னு சொன்னேன். நீங்க போட்ட ரூலுக்கு அதுதான் கரெக்ட்டான பதில்னு நெனச்சேன். கரெக்ட்தானே?”

“கரெக்ட்தான்.”

“அப்ப சரி.”

டிக்கெட் இன்னும் போடவில்லை, பர்மிட் முடியச் சில நாள் இருக்கிறது என்றார். அதற்குள் மேலாளர் மனம் மாறுமா என்று என்னிடம் கேட்கவில்லை. கேட்காததுதான் கேள்வியாக இருந்தது.

கசப்பில் கடைசிக் கரண்டி இன்னும் பாக்கி. என் விளையாட்டு வெற்றி பெற்றுவிட்டதாம். செய்தி மடலில் மின்பணியாளரின் வாக்கியமும் கைதட்டும் வரிசையின் படமும் வந்தன. நிறுவனத்தின் மற்ற வேலையிடங்களிலும் இதைத் தொடங்கப் போகிறார்கள். நாளைக் காலை அங்கிருந்தெல்லாம் பாதுகாப்பு அதிகாரிகள் எங்கள் டூல்பாக்ஸ் மீட்டிங்கைப் பார்க்க வருகிறார்கள். உரிமையாளர் தரப்புப் பெண் அதிகாரியும் மறுபடி வருகிறார். என் இரண்டு விதிகளையும் எடுத்துவிட்டார்கள். ‘பாசிட்டிவாக’ இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் இப்போது விதி. எப்படிச் செய்வது என்று காட்ட முதல் வாக்கியத்தை நானே சொல்ல வேண்டும். சுருக்கத்தை நான் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

மேலதிகாரி வெள்ளிக்கிழமை என்னிடம் இதைச் சொன்னபோது கண்ணைப் பார்க்கவில்லை. “எதைச் சொல்லப்போறே?” என்றார்.

“இன்னும் முடிவு பண்ணல சார்.”

“ஈஸியா எதையாவது எடுத்துக்க.” போகத் திரும்பியவர் நின்றார். மேசை இழுப்பறையைத் திறந்து என் அறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அது திருப்பிக் கொடுத்ததா, எடுத்துக்கொள்ளச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. எடுத்துக்கொண்டேன்.

நாளை என்ன சொல்லப்போகிறேன் என்று வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“இருக்கிற வேலையும் போச்சுன்னா? அனுப்பிட்டாங்கன்னா?”

“எங்கம்மா அனுப்புவாங்க? மார்சிலிங்குக்குத்தானே. பஸ் எனக்குத் தெரியும்.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைத்தது. அதே வாக்கியம், அதே சுருக்கம். ஒருவர் சொன்னால் விமானம். இன்னொருவர் சொன்னால் பேருந்து. இந்த வித்தியாசத்தைத் தவிர எங்கள் இருவருக்கும் நடுவே வேறொன்றும் இல்லை. யாரும் என்னை ஊரைவிட்டு அனுப்ப முடியாது என்ற அந்தப் பாதுகாப்பு என்னிடம் சும்மா கிடந்தது. அம்மா மடித்த துணியை மறுபடி உதறி மடித்தார். போகாதே என்று சொல்லவில்லை.

புதுக்கோட்டைக்காரரின் வாக்கியத்தை நான் சொல்லப் போவதில்லை. அது அவர் பார்த்தது. என் முதல் விதி எனக்கும் பொருந்தும். என்னுடையது மறுநாள் மதியத்தைப் பற்றியது: கீழே பிரைமரின் நெடி, மேலே நீலப் பொறி, நடுவே விசிலோடு நான். ஆங்கிலத்தில்தான் சொல்லப்போகிறேன். இந்த முறை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. உதாரணம் என்று யாரும் எனக்காகச் சிரித்து மழுப்பவும் முடியாது. சொல்லி முடித்ததும் அறிக்கையை அந்தப் பெண் அதிகாரியின் கையில் கொடுப்பேன். அடுத்து இன்னொரு வாக்கியம் சொல்வேன்: இதை முதலில் சரியாகச் சொன்னவர் கிடங்கில் கம்பி எண்ணிக்கொண்டிருக்கிறார், அவர் பர்மிட் முடியச் சில நாளே இருக்கிறது. எல்லார் முன்னாலும் சொல்வேன், மேலாளர் முன்னாலும்.

அது போதுமா என்று தெரியாது. மாலையிலிருந்து கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறேன். ‘சிமாப்ஸ்’ வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் ஏறிவிடுகிறது. அது ஏறக் கூடாது. அவர் சொன்னபோது ஏறவில்லை. லாரிகள் வரும்வரை இன்னும் சில முறை சொல்லிப் பார்ப்பேன்.